உஷார்! வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

ஐடி கார்டையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, படிவம் நிரப்பப் பதுளை டவுனுக்குப் புறப்படுகிறவர்களே, இதைப் படித்துவிட்டுப் போங்கள். “டின் நம்பர் இல்லாட்டி பேங்குல காசு பிடிப்பாங்க. நானே எல்லாம் செஞ்சு தாரேன், வர்றதுல பத்து வீதம் குடுங்க” என்று யார் சொன்னாலும், அந்த இடத்திலேயே உஷாராகிவிடுங்கள்.

முதலில் பயத்தை விடுங்கள். டின் என்னும் வரி செலுத்துநர் இலக்கம் எடுக்க உள்நாட்டு இறைவரித் திணைக்களம் ஒரு சதமும் வாங்குவதில்லை. இலக்கம் எடுத்துவிட்டதாலேயே வரி கட்ட வேண்டும் என்றும் இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 லட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரி கிடையாது. கொழுந்து பறிப்பவருக்கு நாள் ஒன்றுக்கு 1,750 ரூபா என்றே வைத்தாலும், 25 நாள் பேர் விழுந்தால் மாதம் 43,750 ரூபா. வருடத்துக்கு ஐந்தேகால் லட்சம். வரி எங்கே வரும்?

ஆனால் காசு போகிற வழி வேறொன்று இருக்கிறது. முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம் என்று ஆயுள் முழுக்கச் சேர்ந்த ஈபிஎஃப் பணத்தைப் பலர் நிலையான வைப்பில் போடுகிறார்கள். 10 லட்சம் போட்டு 8 வீத வட்டி என்றால் வருடத்துக்கு 80,000 ரூபா. அதில் 10 வீதத்தை, அதாவது 8,000 ரூபாவை, வங்கி வரியாகக் கழித்துவிடும். வருமானம் 18 லட்சத்தைத் தாண்டாது என்று டின் இலக்கத்தோடு சுய பிரகடனம் எழுதி வங்கியில் கொடுத்தால் அந்தக் கழிவு இல்லை. வங்கியில் வாய் திறந்து கேட்க வேண்டிய இந்த வேலைக்கா உழைத்த காசில் பங்கு கொடுப்பது?

படிவம் நிரப்புகிறவர் கூலி கேட்பது தப்பில்லை. அவர் நேரத்துக்கும் எழுத்துக்கும் விலை உண்டு. எவ்வளவு என்று முன்னாலேயே பேசுங்கள், துண்டு வாங்குங்கள். வருகிற தொகையில் பங்கு கேட்டால் மட்டும் விலகுங்கள். தொகை கூடினால் அவருக்கும் கூடும். அதனால் இல்லாத கணக்கை எழுதும் ஆசை வரும். பொய்க் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்ட நீங்கள்தான்.

இன்னும் மோசமான ஒன்று: டின் இலக்கத்துக்குப் பதியும்போது உங்கள் போன் நம்பருக்குப் பதிலாகத் தன் நம்பரையும் மின்னஞ்சலையும் போட்டுக்கொள்வது. அதன் பிறகு திணைக்களம் அனுப்பும் செய்தியும் கடவுச்சொல்லும் அவர் கைக்கே போகும். நம்பர் உங்களுடையதாக, இல்லையென்றால் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும். “இங்கே ஒரு கையெழுத்து, மத்ததை நான் பார்த்துக்கிறேன்” என்று பென்சிலால் புள்ளடி போட்ட வெற்றுத் தாளை நீட்டினால், எழுந்து வந்துவிடுங்கள். ஐடியின் அசலையும் வங்கிப் புத்தகத்தையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

எல்லவில் அறை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும், வெலிமடையிலும் பண்டாரவளையிலும் மரக்கறி வியாபாரம் செய்கிறவர்களுக்கும் தனியாக ஒன்று. வருமான வரி விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. அதற்கு முதல் நாள் ஒரு பை நிறைய பில்லைக் கொட்டி, “வரியே வராம எழுதிக் குடுங்க” என்று கணக்காளரை நெருக்காதீர்கள். முடியாது என்று மறுக்கிறவரே உங்களைக் காப்பாற்றுகிறவர். எதைக் கேட்டாலும் “செஞ்சிடலாம்” என்று தலையாட்டுகிறவரைத்தான் நம்பக் கூடாது. திணைக்களத்தின் கடிதம் உங்கள் பெயருக்கு வரும்போது அவர் பக்கத்தில் நிற்கமாட்டார்.

சந்தேகம் வந்தால் 1944 என்ற இறைவரித் திணைக்கள இலக்கத்துக்கு அழையுங்கள். ஈபிஎஃப் விஷயமென்றால் தொழில் திணைக்கள அலுவலகத்துக்கே நேராகப் போங்கள். அங்கும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளைப் பக்கத்துப் படித்த பிள்ளைகளே, இந்த வாரமே உங்கள் லயத்தில் யார் பெயரில் வைப்பு இருக்கிறது என்று கேளுங்கள். வயசானவர்களோடு வங்கிவரை போய், அந்தப் பிரகடனத்தை வாசித்துக் காட்டி நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.