தண்ணி விழுதான்னு தேடினேன், வேற எங்கேயோ போச்சு

சீசன் ஆரம்பிச்சுட்டா தென்காசிப் பக்கம் படிக்கிற எல்லோருக்கும் ஒரு கூடுதல் வேலை வந்துடும். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பழைய பள்ளி நண்பர்கள் போன் போட்டு, “குற்றாலத்துல தண்ணி விழுதா?” என்பார்கள். அப்படி ஒரு நாள் லேப்டாப்பில் தேடினேன். கூகுளுக்குப் பதில் பெயரே கேள்விப்படாத ஒரு தேடுதளம் வந்து நின்றது. அருவி நிலவரம் எங்கேயும் இல்லை, வரிசையாக லாட்ஜ் விளம்பரங்கள்தான். செட்டிங்ஸில் மாற்றினேன். மறுநாள் திரும்பவும் அதே கதை.

வைரஸ்னு நினைச்சு ஸ்கேன் போட்டேன், ஒண்ணும் சிக்கலை. கடைசியில் ஹாஸ்டல் ரூம்மேட்தான் பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து காட்டினான். மொத்தம் 14. அதில் பாதியை எப்போ போட்டேன்னே ஞாபகம் இல்லை. முதல் வருஷ அசைன்மென்ட் அவசரத்தில் போட்ட ஒரு பிடிஎஃப் மாற்றியை எடுத்ததும் தேடல் சரியாகிவிட்டது. ஆனா அது ரெண்டு வருஷமா என் பிரவுசரில் உட்கார்ந்து என்னவெல்லாம் பார்த்திருக்கும்? இந்தக் கேள்விதான் தூங்க விடலை.

பேச்சுவாக்கில் நாம இதையும் ப்ளக்-இன் என்கிறோம். உண்மையான ப்ளக்-இன் என்பது ஃப்ளாஷ், ஜாவா, சில்வர்லைட் தலைமுறை. அவை பிரவுசருக்கு வெளியேயும் கை நீட்டி கம்ப்யூட்டரையே தொடக்கூடியவை. அதனால் வந்த ஓட்டைகளுக்கு அளவே இல்லை. குரோம் 2015-ல் ஜாவா, சில்வர்லைட் வகையறாவுக்குக் கதவைச் சாத்தியது. ஃப்ளாஷின் ஆதரவை அடோபியே 2020 டிசம்பர் 31-ஓடு முடித்துக்கொண்டது. அதற்காக வீடியோ ஓடாமல் போய்விடவில்லை. எச்டிஎம்எல்5 வழியாக அந்த வேலையை பிரவுசரே செய்ய ஆரம்பித்தது. இதை மனசில் வச்சுக்கோங்க, பின்னால் உதவும்.

இப்போ இருக்கிற எக்ஸ்டென்ஷன்கள் அந்த அளவுக்கு முரட்டுத்தனமானவை அல்ல. ஆனா போடும்போது ஒரு வரி வருமே, ‘எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ என்று, அதைப் படிக்காமலே ஓகே கொடுப்போம். அதன் அர்த்தம் சொன்னபடியேதான். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் அது தன் ஸ்கிரிப்டை ஓட்டலாம். பூட்டுப் படம் இருக்கே, எச்டிடிபிஎஸ் காப்பாத்தாதா? காப்பாத்தாது. பூட்டு வழியில் போகும் தரவுக்குத்தான். எக்ஸ்டென்ஷன் நிற்பது பூட்டைத் திறந்த பிறகு, உங்கள் பக்கத்தில். நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு, வங்கிப் பக்கத்தில் தெரியும் பேலன்ஸ் எல்லாம் அதற்குச் சாதாரண எழுத்து.

அதைவிட மோசமான விஷயம், ஆள் மாறுவது. சீசனுக்கு வீடு எடுத்தவர், காவலுக்கு இருக்கும் பெரியவரை நம்பி சாவி கொடுக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பெரியவர் போய் வேறொருவர் வருகிறார், சாவியும் கைமாறுகிறது. ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ விஷயத்தில் இதேதான் நடந்தது. பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைத்து ரேமை மிச்சப்படுத்தும் நல்ல எக்ஸ்டென்ஷன், 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். 2020 ஜூனில் அதை எழுதியவர் யாரென்று தெரியாத ஒருவருக்கு விற்றார். கிட்ஹப்பில் இருந்த கோடும் ஸ்டோரில் இருந்த பதிப்பும் ஒத்துப்போகவில்லை என்று பயனர்களே கண்டுபிடித்தார்கள். 2021 பிப்ரவரியில் கூகுள் அதை மால்வேர் என்று நீக்கியது. எக்ஸ்டென்ஷன்கள் தானாகவே அப்டேட் ஆகும். எல்லாத் தளத்துக்கும் அனுமதி ஏற்கெனவே கையில் இருந்தால், புது முதலாளி உங்களிடம் எதையும் புதிதாகக் கேட்க வேண்டியதில்லை.

விற்கக்கூட வேண்டாம். 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் சைபர்ஹேவன் என்ற நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் ஃபிஷிங் மெயிலில் ஏமாந்தார். அவர்களுடைய எக்ஸ்டென்ஷனின் திருட்டுப் பதிப்பு ஸ்டோருக்கே ஏறியது. அந்த நிறுவனத்தின் தொழிலே தரவுப் பாதுகாப்பு என்பதுதான் கொடுமை!

சரி, மாற்று? ஃப்ளாஷ் கதையை ஞாபகப்படுத்துங்க. எக்ஸ்டென்ஷன் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இன்று பிரவுசரே செய்கிறது. கிரேட் சஸ்பெண்டர் செய்ததை குரோமின் மெமரி சேவரும் எட்ஜின் ஸ்லீப்பிங் டேப்ஸும் செய்கின்றன. ஸ்கிரீன்ஷாட், ரீடிங் மோடு, பிடிஎஃப் திறப்பது எல்லாம் உள்ளேயே இருக்கு.

தமிழில் எழுத எக்ஸ்டென்ஷன் வச்சிருக்கீங்களா? அதைத்தான் முதலில் கவனிக்கணும். நீங்கள் அடிக்கும் எழுத்தைப் பிடித்து மாற்றுவதுதான் அதன் வேலையே. புதிய விண்டோஸில் தமிழ்99, அஞ்சல் இரண்டு கீபோர்டும் கூடவே வருகின்றன. லினக்ஸ்காரர்களுக்கு ஐபஸ். ஒரு தடவை அமைத்துவிட்டால் வேர்டு, வாட்ஸ்அப், பிரவுசர் எல்லாவற்றிலும் ஓடும். தமிழ்99 பழக ஒரு வாரம் திட்டிக்கொண்டே அடிக்கணும், அவ்வளவுதான்.

விளம்பரத் தடுப்பான்தான் சிக்கல். குரோம் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதில் 2025-ல் யூபிளாக் ஆரிஜின் அதில் நின்றுபோனது. உடனே ஸ்டோரில் அதே மாதிரிப் பெயரில் இருப்பதையெல்லாம் போட்டுக்கொள்ளாதீங்க. ஃபயர்ஃபாக்ஸில் அது இன்னும் ஓடுகிறது. தடுப்பானைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் பிரேவ் இருக்கு. நம்ம ஊர்ப்பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ 2023-ல் வெளியிட்ட உலாவும் அதே வகைதான். வேலைக்கு ஒன்று, சொந்த உபயோகத்துக்கு ஒன்று எனத் தனித்தனி மோடுகள் அதில் உண்டு. மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் உருவாக்கும் போட்டியில் 2025 மார்ச்சில் ஜோஹோதான் முதல் பரிசாக ஒரு கோடி ரூபாய் வாங்கியது. ஊர்ப்பாசத்தில் சொல்வதாக நினைக்காதீங்க, இதிலும் ஒரு கம்பெனியை நம்பத்தான் வேண்டியிருக்கு. ஆனா முகம் தெரியாத 14 பேரை நம்புவதைவிட, பெயர் தெரிந்த ஒருவரிடம் கேள்வி கேட்பது சுலபம். இன்னொன்று, உலா குரோமியத்தில் எழுதியது. குரோம் எக்ஸ்டென்ஷன்கள் அதிலும் ஏறும். பழைய 14-ஐயும் அங்கே கொண்டுபோனால் மாறியதற்கு அர்த்தமே இல்லை.

விடவே முடியாத ஒன்று இருந்தால், அதன் விவரப் பக்கத்தில் தள அனுமதியை ‘ஆன் கிளிக்’ என்று மாற்றுங்கள். நீங்கள் ஐகானைத் தொட்டால் மட்டும் அந்தப் பக்கத்தைப் பார்க்கும். ஃபீஸ் கட்ட, வங்கிக் கணக்கு பார்க்க, எக்ஸ்டென்ஷனே இல்லாத தனி புரொஃபைல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உருவாக்க ரெண்டு நிமிஷம்.

என் 14 இப்போ 2. ஒன்று பாஸ்வேர்டு மேனேஜர், தெரிந்தே வைத்திருக்கிறேன். இன்னொன்று வெப்சைட் ஃபான்ட் பெயரைக் காட்டும் குட்டிச் சாமான். டெவலப்பர் டூல்ஸிலேயே அது தெரியும் என்று ரூம்மேட் சொல்லிக்கொண்டே இருக்கிறான். இந்த ஞாயிற்றுக்கிழமை உட்காரணும், தண்ணி விழலைன்னா.