ஒரு மீனை நம்பிய கரை

கடற்றொழிலாளரின் வருமானம் ஏன் நிலையற்றது என வினவினால், காற்றையும் புயலையும் காரணங்காட்டுவோர் பலர். அவர்கள் எத்தனை வகைப் பிடிப்புகளை நம்பி வாழ்கின்றனர் என்பதை நோக்குவோர் சிலரே. கனடாவின் கீழைக்கரையிலுள்ள நியூபவுண்லாந்துத் தீவின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

அத்தீவு ஏறத்தாழ 500 ஆண்டுகளாகக் கொட் என்னும் மீனையே பற்றி நின்றது. நம்மவர் பிள்ளைகளுக்குப் புகட்டிய மீனெண்ணெய் அம்மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்பட்டதே. பெருங்கப்பல்களின் அளவிறந்த பிடிப்பினால் மீன் அருகவே, 1992 யூலை 2ஆந் திகதி கனடிய அரசு அதனைப் பிடித்தலைத் தடைசெய்தது. ஏறத்தாழ 30,000 பேர் தொழிலிழந்தனர்.

ஆயின், எல்லாரும் ஒருங்கே வீழ்ந்தாரல்லர். நண்டு பிடிக்கும் அனுமதிப்பத்திரத்தையும் முன்னரே பெற்றிருந்த படகுக்காரர் தாக்குப்பிடித்தனர். காரணம் எளியது. ஒரு மீன் குறையும் ஆண்டிலேயே மற்றதும் குறையவேண்டுமென்னும் நியதியில்லை. ஒன்றன் விலை சரிகையில் மற்றதன் விலை ஏறியிருத்தலுங் கூடும். நல்ல ஆண்டிலே ஒரே மீனைத் தேடிச் செல்பவர் கூடுதலாக உழைக்கலாம் என்பது மெய்யே. எனினும், படகுக் கடனின் தவணை நல்லாண்டு தீயாண்டு பார்த்து வருவதில்லை.

அங்ஙனமாயின் யாவரும் பலவகைத் தொழிலில் இறங்காதது ஏன்? கொட்டுக்கு வலையும் தூண்டிலும் வேண்டும்; நண்டுக்குக் கூடு வேண்டும். இரண்டுக்கும் முதல் தேவை. அதன்மேல், ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி அனுமதிப்பத்திரம். அதுவும் எண்ணிக்கையில் மட்டுப்பட்டது. சட்டமே தொழிலாளரை ஒரு மீனோடு கட்டிவிடுவதும் உண்டு.

தடையின் பின் பனிநண்டு பெருகிற்று. நல்ல விலையும் கிடைத்தது. தீவினர் பலர் அதன்பாற் சாய்ந்தனர். இதனைப் பலவகைப்படுத்தல் என்று கொள்வது பொருந்தாது. நம்பிய மீன் மாறியதேயன்றி, ஒன்றையே நம்பும் வழக்கம் மாறவில்லை. 2022ஆம் ஆண்டுப் பருவத் தொடக்கத்தில் இறாத்தல் 7.60 டொலராயிருந்த நண்டு, 2023இல் 2.20 டொலராயிற்று. அந்த விலைக்குப் பிடிப்பதில்லையெனப் படகுகள் ஏறத்தாழ ஆறு வாரங்கள் கரையிலேயே கிடந்தன. நம் வடபகுதியில் ஏற்றுமதிக்காக நண்டு பிடிப்போருக்கும் இவ்விடர் புதியதன்று.

2024இல் கொட் மீதான தடை நீக்கப்பட்டு, 18,000 தொன் பிடிக்க அனுமதி வழங்கப்பட்டது. முற்காலத்துப் பிடிப்போடு ஒப்பிடின் இது சிறு அளவே. எனினும், ஒருகாலத்தில் அத்தீவின் தனிப்பெருந் தொழிலாயிருந்த கொட், இப்போது நண்டுக்காரரின் துணைத்தொழிலாக மீண்டிருக்கின்றது.