மலைநாட்டு வீட்டிற் கடற்சாமந்தி



கடலிலே பூக்கும் ஒரு பூவைப் பற்றி இன்று பேச எண்ணுகின்றேன். பூவென்று கூறினேனாயினும், உண்மையில் அது பூவன்று, விலங்கு. பொதுவழக்கிற் கடற்சாமந்தி என்றும், நம் பாடநூல்களிற் கடலனிமனி என்றும் அதற்குப் பெயர். அவ்வுயிரைக் கடலுக்கு வெகுதூரத்திலுள்ள வீடொன்றில், கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பேணவும் பெருக்கவும் இயலுமா என்பதே இப்பேச்சின் பொருள். தேயிலைச் சரிவுகளும் மூடுபனியும் சூழ்ந்த ஹந்தானையில் இருந்துகொண்டு கடலைப் பற்றிப் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் கண்டிப் பகுதி இல்லங்களுக்குப் புதிதன்று. நன்னீர் மீனிற் கைதேர்ந்தவர்கள் உப்புநீரையும் நாடுவது இயல்பே.

முதலில் இவ்வுயிரின் அமைப்பை அறிந்துகொள்வோம். அடியிலே பாறையைப் பற்றிக்கொள்ளும் பாதம். அதன்மேல் உருளை போன்ற உடல். உச்சியில் ஒரு வாய். வாயைச் சுற்றி இதழ்கள் போல விரியும் உணர்கொம்புகள். இவ்வளவே அதன் உருவம். எலும்பில்லை, மூளையில்லை. உண்பதும் கழிப்பதும் ஒரே வாயினாலேயே. உணர்கொம்புகளில் எண்ணற்ற கொட்டும் கலங்கள் உள்ளன. அவற்றைத் தீண்டிய சிறு மீனும் இறாலும் செயலிழந்து இரையாகும். கோமாளி மீனோ அக்கொம்புகளினிடையே அச்சமின்றி உலவும். இவ்வுறவைச் சீனக் கடற்பகுதியிற் கண்டு 1868ஆம் ஆண்டிற் பதிவு செய்தவர் கொலிங்வூட் என்னும் ஆங்கிலேயர்.

வெப்ப வலயக் கடல்களில் வாழும் பெரிய கடற்சாமந்திகளுக்கு மற்றொரு துணையும் உண்டு. அவற்றின் உடற் கலங்களுக்குள்ளே நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவிற் பெரும்பங்கு தங்கியிருக்கும் வீட்டுக்காரருக்கே சேர்கின்றது. ஆதலின், போதிய ஒளியில்லாத தொட்டியில் எவ்வளவு இரை இட்டாலும் கடற்சாமந்தி நாளடைவில் மெலிந்துபோகும். நீர் மிகையாகச் சூடேறினால் அல்காக்கள் வெளியேறிவிடும், உயிர் வெளிறிப்போகும். 1998ஆம் ஆண்டிற் கடல் வெப்பம் உயர்ந்தபோது, இக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலும் உள்ள நம் முருகைக்கற்பாறைகள் வெளிறிப் பேரழிவுற்றமைக்கும் இதுவே காரணம்.

இனி, இதனை வீட்டிற் பெருக்க வேண்டிய தேவை என்ன என்று வினவலாம். அலங்காரத் தொட்டிகளுக்கென விற்கப்படும் கடற்சாமந்திகளிற் பெரும்பாலானவை கடலிலிருந்து பறித்தெடுக்கப்பட்டவையே. அவ்வாறு பறிக்கப்படும் உயிரின் வயதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஸ்கொத்லாந்து நாட்டிலே சேர் ஜோன் டாலியெல் என்பவர் 1828ஆம் ஆண்டில் ஒரு கடற்சாமந்தியைக் கரையோரப் பாறையிலிருந்து எடுத்துவந்து, எடின்பரோவிலே ஒரு கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். கடல்நீரைச் சுமந்துவரச் செய்து அடிக்கடி மாற்றினார். 1851இல் அவர் மறைந்த பின்னரும் அவ்வுயிர் வாழ்ந்தது. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி, 1887ஆம் ஆண்டு வரை இருந்தது. அதற்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஈன்றமையால், ‘பாட்டி’ என்னும் செல்லப்பெயரும் பெற்றது. ஏறக்குறைய 60 ஆண்டு வாழவல்ல ஓர் உயிரைச் சில வார வேடிக்கைக்காகக் கொணர்ந்து சாகவிடுவது எத்தகைய இழப்பு!

இவ்விழப்பு வெறுங் கற்பனையன்று. பிலிப் ஹென்றி கொஸ் என்னும் இயற்கையறிஞர் 1854ஆம் ஆண்டிற் கடல்நீர்த் தொட்டிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதைப் படித்தவர்கள் கூடைகளோடு இங்கிலாந்தின் கடற்கரைகளுக்குத் திரண்டனர். பாறைக் குழிகளிற் பல வெறுமையாயின. அவருடைய மகன் எட்மன்ட் கொஸ் 1907இல் எழுதிய நூலில் இவ்வழிவை வருத்தத்தோடு குறித்திருக்கின்றார். அன்பு கொண்டவர்களே அழித்தார்கள் என்பதுதான் இதிலுள்ள துயரம். வீட்டிலேயே பெருக்கி ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வோமாயின், இவ்வழிவு நம் கரைகளில் நிகழாது தடுக்க நாமும் ஒரு பங்கு ஆற்றலாம்.

கடற்சாமந்தி பெருகும் முறைகள் பல. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டைகளையும் நீரில் விட, அவை கலந்து நுண்ணிய குடம்பிகள் தோன்றி, நீந்தித் திரிந்து, பின்னர் ஓரிடத்திற் பற்றி வளர்வது ஒரு முறை. வீட்டுத் தொட்டியில் இம்முறை கைகூடுவது மிக அரிது. பாதத்தின் ஓரத்திலிருந்து சிறு துண்டுகள் கழன்று தனியுயிராவது மற்றொரு முறை. கண்ணாடிச் சாமந்தி என்னும் சிறு வகை இவ்வாறே பெருகித் தொட்டியெங்கும் களையாகப் பரவும். மூன்றாவது முறையே நமக்கு வேண்டுவது. அது உடல் நெடுக்காகப் பிளந்து இரண்டாவது. உணர்கொம்பின் நுனி குமிழ்போலப் பருத்திருக்கும் குமிழ்நுனிச் சாமந்தி இம்முறையிற் சிறந்தது. அதன் பாதம் இரு திசைகளிலும் இழுபட்டு, உடல் நடுவே கிழிந்து, இரண்டு உயிர்களாகும். புண் சில நாட்களில் ஆறிவிடும். கம்பளச் சாமந்தி போன்ற பெரிய வகைகள் தொட்டியில் எளிதிற் பிளவுறுவதில்லை. ஆதலின் புதிதாகத் தொடங்குவோர் அவற்றை நாடாதிருத்தல் நன்று. கூரிய கத்தியால் அறுத்துப் பெருக்குவோரும் உளர். பழக்கமில்லாதார் அதிற் கைவைத்தால், இருந்த ஒன்றையும் இழக்க நேரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நன்கு உண்டு வளர்ந்தபோதும் இவ்வுயிர் பிளவுறும். நீர் திடீரென மாறித் துன்புற்றபோதும் பிளவுறும். ஆகவே பிளவைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடாமல், உயிரை உற்றுநோக்க வேண்டும். நிறம் குன்றாமல், வாய் இறுக மூடி, கொம்புகள் விரிந்திருந்தால் நலமே. வெளிறி, வாய் பிளந்து, சுருங்கிக் கிடந்தால், நீரிற் குறையுண்டு என்று அறிக.

ஹந்தானையில் இதனை வளர்ப்போர் கவனிக்கவேண்டியவை மூன்று. முதலாவது நீர். இங்கே கடல்நீர் கிடையாது. நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். குழாய் நீரிற் குளோரின் உண்டு. அதனை நன்கு வடித்துச் சுத்திசெய்து, ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் தொட்டிகளுக்கென விற்கப்படும் கடலுப்புக் கலவையைக் கரைத்து, நீரமானியால் அளந்து பார்க்க வேண்டும். சமையலுப்பு உதவாது. புதிய தொட்டியில் உடனே உயிரை விடலாகாது. கழிவிலிருந்து எழும் அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்கள் பெருகுவதற்கே சில வாரங்கள் செல்லும். கடற்சாமந்திக்கோ, தொட்டி ஆறு மாதமேனும் பழகியிருத்தல் வேண்டும். செம்பு சிறிதும் கூடாது. மீன் நோய்க்கு இடும் மருந்துகள் சிலவற்றிற் செம்பு உண்டு. மீனுக்கு மருந்தாவது இதற்கு நஞ்சாகும்.

இரண்டாவது வெப்பம். இவ்வுயிருக்கு உகந்தது 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை. மார்கழி, தை மாதத்து இரவுகளில் நம் மலைச் சரிவுகளில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழும் இறங்குவதுண்டு. கொழும்பிலே தொட்டியைக் குளிர்விக்க முயல்வார்கள். இங்கோ, சூடாக்கும் கருவி வேண்டும்.

மூன்றாவது மின்சாரம். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு ஏற்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. நீரேற்றி நின்றால், நீரில் ஒட்சிசன் குறையும். மின்கலத்தில் இயங்கும் காற்றூட்டி ஒன்றை எப்போதும் வைத்திருத்தல் நலம். அதுவும் இல்லையாயின், கை இருக்கின்றது. 1846ஆம் ஆண்டிற் கடலோரத்திலிருந்து இலண்டனுக்கு முருகை உயிர்களைக் கொணர்ந்த ஆனா தைன் என்னும் அம்மையார், பணிப்பெண்ணைக் கொண்டு நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு வார்க்கச் செய்தே அவற்றை வாழவைத்தார். தேநீர் ஆற்றத் தெரிந்த நமக்கு அது கடினமான வேலையன்று.

பிளவுற்ற குட்டிகளுக்குச் சில நாட்கள் இரையிட வேண்டாம். வாய் சீராக அமைந்தபின், கடுகளவு இறால் துண்டை வாரத்திற்கு ஓரிரு முறை இட்டாற் போதும். மிஞ்சியதை உடனே அகற்றுக. இவை இடம்பெயரும் இயல்பின; நீரேற்றியின் வாயிலே சிக்கிச் சிதையாதபடி அதைப் பஞ்சினால் மூடிவைக்க வேண்டும். ஒன்று சிதைந்தாலும் தொட்டி நீர் முழுவதும் கெடும். ஒரு தாயின் பிளவுகள் அருகருகே இணங்கி வாழும். வேற்று வகையை அணுகவிட்டால் ஒன்றையொன்று கொட்டும்.

இறுதியாக இரண்டு வேண்டுகோள். தொட்டியில் வளர்ந்த குட்டிகள் மிகுந்துவிட்டன என்று அவற்றைக் கடலில் விடாதீர்கள்; வேற்று நோயும் வேற்று இனமும் நம் கரைக்கு அவ்வழியே வரக்கூடும். வளர்க்கத் தெரிந்த நண்பருக்குக் கொடுங்கள். வாங்கச் செல்லும்போது, இது தொட்டியிற் பிறந்ததா, பாறையிலிருந்து எடுத்ததா என்று கடைக்காரரைக் கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால், விற்பவரும் அதற்கேற்ப நடப்பர். வீட்டிலே ஒன்று இரண்டாகும்போது, கடலிலே ஒன்று தன் பாறையில் நிலைத்திருக்கும்.