"இந்த வருத்தம் ஏன் வந்ததெண்டு நினைக்கிறியள்?"

ஒரே வருத்தத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒரு விளக்கம் இருக்கும், வீட்டில் வேறொரு விளக்கம் இருக்கும். இரண்டும் சந்திக்காவிட்டால் மருந்து பையோடு வீடு போகுமே தவிர, உடம்புக்குள் போகாது. இவற்றைச் சந்திக்க வைக்கும் வேலை பெரும்பாலும் தாதியரின் கையில்தான் இருக்கிறது.

நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டக்காரரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். குளிசை போதாது, இன்சுலின் ஊசி தேவை என்கிறார் டொக்டர். தாதியும் ஊசி போடும் முறையை ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கிறார். ஆனால் அடுத்த கிளினிக்குக்கு அவர் வரவில்லை. "சொல்வழி கேளாத மனுசன்" என்று தாதி அதை விட்டுவிடலாம். விடாமல் திரும்பி யோசிப்பதற்குப் பெயர்தான் மீள்சிந்தனை.

இதற்கு கிரகாம் கிப்ஸ் 1988இல் ஆறு படிகளை வகுத்தார்: என்ன நடந்தது, எனக்கு என்ன உணர்வு வந்தது, எது சரி எது பிழை, ஏன் அப்படி நடந்தது, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்தமுறை என்ன செய்வேன். தாதியக் கல்வியில் இது இன்று பரவலாகப் பயன்படுகிறது. இந்தப் படிகளில் நடந்து பார்த்தால் தாதிக்கு ஒன்று விளங்கும்: 'நான் சொன்னேன், கேட்கவில்லை.'

நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மருத்துவ மானிடவியலாளர் ஆர்தர் கிளைன்மன் 1970களிலேயே முன்வைத்தார். இந்த வருத்தம் ஏன் வந்தது, எதற்கு ஆகப் பயப்படுகிறீர்கள் என்பன அவற்றுட் சில. அப்படிக் கேட்டால் தோட்டக்காரர் சொல்லக்கூடும்: "பிள்ளை, எங்கட அண்ணருக்கு ஊசி போடத் தொடங்கினாப்பிறகுதான் காலை எடுத்தவை."

பயத்தின் வேர் இதுதான். இனிச் சொல்லும் விளக்கம் வேலை செய்யும்: "ஐயா, காலைக் கெடுத்தது ஊசி இல்லை. கனகாலம் கூடி நிண்ட சீனி நரம்பையும் இரத்தக் குழாயையும் பழுதாக்கிப்போட்டுது. ஊசி பிந்தித்தான் வந்தது." பிறகு, "வீட்டில அம்மாவுக்கு இதை எப்பிடிச் சொல்லுவியள்?" என்று கேட்டால், விளங்கியதா என்பதும் தெரிந்துவிடும்.

நமது வீடுகளுக்கும் இது பொருந்தும். "நோன்பு பிடிக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், பலர் தலையாட்டிவிட்டு மருந்தைத் தாமாகவே மாற்றிக்கொள்வார்கள். பகலில் சீனி திடீரென இறங்கினால் உயிருக்கே ஆபத்து. "நோன்பு பிடிக்க எண்ணமிருக்கா?" என்று றமழானுக்கு முன்பே கேட்கும் தாதி, மருந்தின் அளவையும் நேரத்தையும் டொக்டரோடு பேச வழி செய்கிறார். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையைப் பற்றிய பேச்சுக்கும் அங்கே இடம் கிடைக்கிறது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தமிழில் சொல்வது முதற்படி. நோயாளி தன் தமிழில் சொல்வதைக் கேட்பது அதற்கு அடுத்த படி.