சுரங்க இணைப்பும் தெளிவற்ற கையேடுகளும்

1995ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. அதனையடுத்து அங்கிருந்த ஆய்வாளர் டாட்டு யூலோனென் உருவாக்கியதே 'செக்யூர் ஷெல்'. இரு கணினிகளிடையே மறையாக்கம் செய்த இணைப்பை இது ஏற்படுத்துகிறது. அவ்விணைப்பினூடே பிற மென்பொருள்களின் தகவலையும் செலுத்தலாம். இதுவே சுரங்க இணைப்பு.

அலுவலகத்திலுள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை வெளியூரிலிருந்து அணுக வேண்டுமெனக் கொள்வோம். கையேடு '5433:லோக்கல்ஹோஸ்ட்:5432' என்று எழுதச் சொல்லி நிறுத்திவிடும். முதல் எண் பயனாளரின் கணினியில் திறக்கும் போர்ட். கடைசி எண் தரவுத்தளத்தின் போர்ட். இடர்ப்பாடு நடுச்சொல்லில்தான். 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் 'இதே கணினி' என்று பொருள். ஆகவே தம் மேசை மீதுள்ள கணினியையே அது குறிப்பதாகப் படிப்பவர் எண்ணுவது இயல்பே. ஆனால் அச்சொல்லுக்குப் பொருள் காண்பது மறுமுனையிலுள்ள சர்வர். தரவுத்தளம் அந்தச் சர்வரிலேயே இயங்கினால் கட்டளை பலிக்கும். வேறொரு கணினியில் இருந்தாலோ இணைப்பு மறுக்கப்படும். அப்போது, சர்வர் அறிந்துள்ள அக்கணினியின் பெயரை நடுவில் எழுத வேண்டும்.

அவ்வாறு எழுதும்போது கையேடுகள் பெரும்பாலும் சொல்லாத ஒன்றும் உண்டு. மறையாக்கம் சர்வர் வரையில்தான். அங்கிருந்து தரவுத்தளக் கணினிக்குச் செல்லும் தகவலைச் சுரங்கம் காப்பதில்லை. அதற்குத் தரவுத்தளத்தின் சொந்த மறையாக்க வசதியைத் தனியே இயக்க வேண்டும்.