நாய்க்கும் மூளைக்கட்டி வருமா?

மூளைக்கட்டி அறுவைக்குப் பின் மறுபரிசோதனைக்கு வந்திருந்த பள்ளத்தூர் ஆச்சி ஒருவர், தம் உடல்நலம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீட்டிலுள்ள 9 வயது நாய்க்கு இருமுறை வலிப்பு வந்ததாம். வளவில் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருகிறதாம். "எனக்கு வந்ததுதான் அதற்கும் வந்திருக்குமா டாக்டர்? என் மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா?" என்றார். அவருடைய இசைவுடன் இதை எழுதுகிறேன். என் துறை மனித மூளை. நாய்க்கு மருத்துவம் செய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவர். ஆயினும் இரு அறுவைகளுக்கும் உள்ள உறவு நெருக்கமானது.

இரண்டாம் கேள்விக்கே முதலில் விடை சொல்ல வேண்டும்: கொடுக்கக் கூடாது. நமக்குப் பயன்படும் ஃபெனிடாயினை நாயின் உடல் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடும். இரு இனங்களுக்கும் பொதுவான வலிப்பு மருந்துகள் உண்டு; ஆனால் அளவும் வேளையும் வேறு.

முதல் கேள்விக்கு விடை, வரக்கூடும் என்பதே. ஆனால் அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. நடுவயதைக் கடந்த நாய்க்கு முதன்முதலாக வலிப்பு வந்தால் மூளைக்கட்டியையும் ஐயுற வேண்டும். நஞ்சு, கல்லீரல் நோய், டிஸ்டெம்பர் ஆகியவையும் காரணமாகலாம். நடத்தை மாறிய நாய்க்குத் தடுப்பூசி போடப்படவில்லை எனில் வெறிநோயை மறக்கலாகாது. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுப்பது எவ்வளவு பயனற்றதோ, அவ்வளவு பயனற்றது நாயின் வாயில் கரண்டியைச் செருகுவது, கடிதான் மிஞ்சும். கடிபட்டால் 15 நிமிடம் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

நாய்களில் மிகுதியாகக் காணப்படுவது மூளையுறையில் தோன்றும் மெனிஞ்சியோமா. ஆச்சிக்கு இருந்ததும் அதுவே. மூளைத் திசுவிலேயே வளரும் கிளையோமா, பாக்ஸர், பிரெஞ்சு புல்டாக் போன்ற குறுமூக்கு இனங்களை அதிகம் தாக்குகிறது. ஆழத்தில் இருப்பின் அதை அறுவையால் அகற்றுவது கடினம்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கவே நாய்க்கு மயக்க மருந்து வேண்டும். அசையாமல் படுத்திரு என்று அதனிடம் சொல்ல இயலாதல்லவா? அறுவையின்போது தடித்த தாடைத்தசையை விலக்கியோ, கட்டி முன்பக்கம் இருந்தால் நெற்றி எலும்பின் காற்றறை வழியாகவோ மண்டையோட்டைத் திறக்கிறார்கள். அதன்பின் நுண்ணோக்கி, கட்டியை உடைத்து உறிஞ்சும் மீயொலிக் கருவி என எல்லாம் நம் அறுவை அரங்கில் உள்ளவைதாம். வேறுபாடு கட்டியில் இருக்கிறது. மனிதரிடம், பூனையிடமும், மெனிஞ்சியோமா பெரும்பாலும் பதமான நுங்குபோல் பிரிந்து வரும். நாயிடம் அது முற்றிய நுங்குபோல் மூளையோடு ஒட்டியிருப்பதுண்டு, சிறிது எஞ்சிவிடும். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அறுவை மட்டும் செய்யப்பட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 7 மாதங்கள். கதிர்வீச்சும் சேர்ந்தபோது 16 மாதங்களுக்குச் சற்று மேல். ஆச்சிக்கு நான் சொன்ன எதிர்காலத்தை நாய்க்குச் சொல்ல முடியாமற்போனது இதனால்தான்.

கிளையோமாவுக்கு வேறு வழிகளும் தேடப்படுகின்றன. 2008இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 'பேட்மேன்' என்னும் நாய்க்குக் கட்டியை அகற்றிய பின், நோயெதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சை அளித்தனர். நாயின் கிளையோமா மனிதருடையதைப் பெரிதும் ஒத்திருப்பதால், அங்குக் கற்பது நமக்கும் உதவும்.

நம் பகுதியினர் முதலில் உள்ளூர்க் கால்நடை மருத்துவரைக் காண வேண்டும். தேவைப்பட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, 1903இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ அவர் அனுப்புவார். நாய்க்குக் கதிர்வீச்சு நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. கட்டி மேற்பரப்பில் உள்ளதா, எவ்வளவு எடுக்க முடியும், அறுவைக்குப் பின் வலிப்பு மருந்து தொடருமா, செலவு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டும் வலிப்பு மருந்தும் மட்டும் கொடுத்து, துன்பமின்றி வைத்துக்கொள்வதும் முறையான மருத்துவமே. ஆனால் வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்திவிடக் கூடாது.

ஆச்சியின் வீட்டார் ஸ்கேன் வரை சென்றனர். கட்டி ஆழத்தில் இருந்ததால் அறுவை வேண்டாமென்று முடிவு செய்தனர். அடுத்த முறை வந்தபோது, நாய் இப்போது மெதுவாகத்தான் சுற்றுகிறது என்றார். பிறகே தம் தலைவலி பற்றிப் பேசினார்.