விதைநெல் உலர்த்தியில் வெப்ப எச்சரிக்கைக் குறிகாட்டி

விதைநெல்லை உலர்த்தும் சூடான காற்றின் வெப்பநிலை 43 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது. மேற்படின் நெல்லின் முளையம் இறக்க நேரும். அத்தகைய நெல் பார்வைக்கு நன்னெல்லைப் போன்றே இருக்கும். விதைத்த பின்னரே நட்டம் புலப்படும். ஆகவே, பொறி உலர்த்தியைப் பயன்படுத்தும் கமக்காரர்கள், எச்சரிக்கை மணியுடன் கூடிய வெப்பக் குறிகாட்டியை அதிற் பொருத்துதல் நன்று.

சூடான காற்று நெல்லினுட் புகும் இடத்தில் உணர்கோலைப் பொருத்துக. குறிகாட்டியில் முதலாவதாக உணர்கோலின் வகையைத் தெரிவு செய்க. வகை மாறின் காட்டும் அளவு பிழைபடும். அடுத்து, மணி ஒலிக்கும் எல்லையை 41 பாகையாகவும், ஓயும் எல்லையை 39 பாகையாகவும் அமைக்க. இவ்விடைவெளி இருப்பின், வெப்பம் சிறிது ஏறியிறங்குந்தோறும் மணி விட்டுவிட்டு ஒலியாது. உணர்கோலின் கம்பி அறுந்தாலும் மணி ஒலிக்குமாறு அமைத்தல் அவசியம்.

நெல்லை இடுமுன் கருவியைச் சோதிக்க வேண்டும். உருகும் பனிக்கட்டி நிறைந்த நீரில் உணர்கோலை அமிழ்த்தினால் 0 பாகை காட்டுதல் வேண்டும். வெந்நீரில் அமிழ்த்தினால் மணி ஒலித்தல் வேண்டும்.

உலர்த்தும்போது மணி ஒலிப்பின், அடுப்பின் சூட்டை உடனே தணித்து, விசிறியைத் தொடர்ந்து ஓடவிடுக. மணியை மாத்திரம் நிறுத்திவிட்டு அகல்வோர் அடுத்த போகத்துக்கான விதையை இழக்க நேரிடும்.